இருபத்து நான்கு மணி நேரத் தண்ணீர்

அனந்தகிருஷ்ணன் குழாயைத் திறந்தார். சீறல் வந்தது, தண்ணீர் வரவில்லை. மணி ஒன்பது. பத்து மணிக்கு முலுண்டிலிருந்து சம்பந்தி வீட்டார் ஐந்து பேர் வருகிறார்கள். நேற்றுத் திடீரென்று அவர்களாகவே போன் செய்திருந்தார்கள்.

"டாங்க் அலம்பறான்னு மூணு நாளா நோட்டீஸ் தொங்கறது," என்றாள் மனைவி பத்மஜா. "சாயங்காலம்தான் தண்ணி. நாளைக்கு வரச் சொல்லிடுங்கோ."

"செம்பூர்ல எங்காத்துல இருபத்து நாலு மணி நேரமும் தண்ணின்னு கல்யாணத்துல அத்தனை பேருக்கு நடுவுல சொல்லியிருக்கேன். வாக்கு என்னாறது?"

"யார் சொல்லச் சொன்னா?"

அவர் காலி பக்கெட் இரண்டைக் கையில் எடுத்தார். எதிர்வீட்டு முகம்மது ஹனீப் முன்யோசனைக்காரர். டிரம்மில் பிடித்து வைத்திருப்பார். ஆனால் வீட்டில் தண்ணீர் இல்லை என்று இன்னொரு வாசலில் நிற்பது இந்தக் குடும்பத்தில் வழக்கமில்லை.

"செடிக்கு ரெண்டு பக்கெட் தண்ணி கிடைக்குமா?" என்று ஹனீபிடம் கேட்டார்.

"அதுக்கென்ன சார்," என்ற ஹனீப், துணி அலசிய தண்ணீரைத் தாராளமாகக் கொடுத்தார். "செடிக்கு இது போதும். நல்ல தண்ணிய வீணாக்கப்படாது, பாருங்க."

இரண்டு பக்கெட் நுரை வீட்டுக்கு வந்தது.

"இதுல கை கால் அலம்பினா வழுக்கி விழுவா," என்றாள் பத்மஜா.

அவர் படிகாரத்தைப் போட்டு, கரண்டியால் கலக்கினார். நுரை அடங்கவில்லை. பதற்றத்தில் அதே கரண்டியால் குடத்திலிருந்த குடிநீரை மொண்டு குடித்தார். பத்மஜா பார்த்துவிட்டாள்.

"இருந்த ஒரு குடமும் போச்சு."

கீழே ஓடி இரண்டு பாட்டில் தண்ணீர் வாங்கி வந்தார். காபிக்குச் சரி. குளியலறைக்கு? கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மானம் காப்பாற்றப்பட்டது.

சம்பந்தி வீட்டார் ஆளுக்கொரு பையோடு வந்தார்கள். பழமாக இருக்கும் என்று நினைத்தார். காபி குடித்தார்கள். யாருக்கும் பேச்சில் மனம் இல்லை. பார்வை உள்பக்கமே போயிற்று.

சம்பந்தி வெங்கடேஸ்வரன் தொண்டையைச் செருமினார். "பாத்ரூம் எங்கே?"

"புது டைல்ஸ் போட்டிருக்கு. நாளைக்குத்தான் காயும்."

ஐந்து முகங்களும் ஒன்றாக வாடின. குட்டு உடைந்துவிட்டது என்று அனந்தகிருஷ்ணனுக்கு வியர்த்தது.

வெங்கடேஸ்வரனின் மனைவி விஜயலட்சுமி மெல்லத் தன் பையைத் திறந்தாள். உள்ளே ஒரு துண்டு, சோப்பு, மாற்றுப் புடவை.

"எங்க பில்டிங்ல நாலு நாளா சொட்டுத் தண்ணி இல்லை, மாமா. உங்காத்துல எப்பவும் வரும்னு சொன்னேளே, அஞ்சு பேரும் குளிச்சுட்டுப் போகலாம்னுதான் வந்தோம்."