அண்ணாந்தாரின் தேனீ பயம்

காஞ்சிபுரத்தில் கோபுரத்தைப் பார்த்தால் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். கை கால் உதறி நடுங்கிய ஒரே ஆசாமி அண்ணாந்தார்தான்.

கோயில் யானை கோமளத்தின் பாகன். சொந்தப் பெயர் அவர் பெண்டாட்டிக்காவது தெரியுமோ என்னவோ! கோபுரம், அரசமரம், விளக்குக் கம்பம் என்று ஒன்று விடாமல் அண்ணாந்து பார்த்து, தேன்கூடு இல்லை என்று தெரிந்த பிறகுதான் யானையை நகர்த்துவார். கீழே பார்க்காமல் நடந்து, தெருவில் நீட்டியிருக்கும் பட்டு நூல் பாவில் கால் சிக்கி, நெசவாளிகளிடம் திட்டு வாங்காத வாரமே கிடையாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது வாக்கில், கோயில் திருவிழாவில் எங்கள் தெரு உபயம் வந்தது. வாணவேடிக்கை என் பொறுப்பு. முந்தின நாளே அண்ணாந்தார் வந்து நின்றார்.

"வாணம் வேணாம்பா. கோபுரத்துல பெரிய கூடு இருக்குது."

"இம்மாம்பெரிய யானை, தம்மாத்தூண்டு பூச்சிக்குப் பயப்படுமா?"

"முதுவுல கொட்டுனா அவளுக்கு உறைக்காதுபா. கண்ணோரம் கொட்டுனா? தும்பிக்கைக்குள்ள பூந்துட்டா என்னா பண்ணுவா? கைய உட்டா எடுப்பா? அவளுக்குக் கையே அதான்பா!"

விழுந்து விழுந்து சிரித்தேன். மறுநாள் சாயங்காலம் சாமி புறப்பாட்டில் வாணத்தைக் கொளுத்தினேன். சனியன், நேராகக் கோபுரத்துக்கே போய்த் தொலைந்தது.

ஙொய்யென்று இறங்கின பாருங்கள், அப்பப்பா! கோமளம் காதை அடித்துக்கொண்டு பிளிறினாள். தெரு முழுக்கக் குஞ்சும் குளுவானும். அவளுக்கும் சுவருக்கும் நடுவில் நான். அவள் ஓட ஆரம்பித்தால் அத்தனை பேரும் சட்னி.

அண்ணாந்தார் வேட்டியை உருவினார். கோவணத்தோடு நின்று, தும்பிக்கை நுனியை அதில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டார்.

"வாடி ராசாத்தி, என்கூட வா, ஒண்ணுமில்ல" என்று பேசிக்கொண்டே குளத்துக்குக் கூட்டிப் போனார். வெற்றுடம்பெல்லாம் தேனீ. அவள் தண்ணீரில் முங்கிய பிறகுதான் அவர் விழுந்தார்.

மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனேன். உடம்பெல்லாம் சுண்ணாம்பு தடவி, கண் இரண்டும் வீங்கி மூடிக் கிடந்தார்.

"அந்த வாணத்த நான்தான்..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்பா, அத வுடு. அவ சாப்ட்டாளா?"

சாப்பிடவில்லை. யார் கொடுத்தும் தொடவில்லை.

அவருடைய வியர்வைத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு யானைக் கொட்டடிக்குப் போனேன். கவளத்தை நீட்டினேன். தும்பிக்கை என் கழுத்தருகே வந்து துண்டை முகர்ந்தபோது என் உயிர் என்னிடம் இல்லை. மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

அவர் கண் திறக்க ஆறு நாளாயிற்று. ஆறு நாளும் பயந்து செத்துக்கொண்டே கவளம் கொடுக்கப் போனேன். ஏழாம் நாள் அவரே வந்துவிட்டார். துண்டைத் திருப்பிக் கொடுக்கத்தான் எனக்கு மனசு வரவில்லை.