செகண்ட் கியர் மாஸ்டரும் கேஸ் பாட்டிலும்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். ஒரு சொல் பொய்யென்றாலும் இன்றைய ராத்திரிச் சாப்பாடு எனக்குத் தொண்டையில் இறங்காமல் போகட்டும். நான் பசி தாங்காதவன் என்பது தெருவுக்கே தெரியும். ஆகவே நம்பலாம்.

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் ஸ்டீயரிங்கில் இருந்த பச்சைப் பொத்தானை அழுத்தினார். சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் சீறிப் பாய்ந்திருக்க வேண்டும். அது பெருமூச்சு விட்டது. பின்னால் வந்த ரொட்டி வேன் ஹாரன் அடித்துவிட்டுத் தாண்டிப் போனது.

"மாப்பிள்ளை, அந்தப் பொத்தான் எதுக்கு?" என்றார் பக்கத்துச் சீட்டிலிருந்த மாமியார்.

"வேகமாப் போறதுக்கு, அத்தை."

"அப்ப மெதுவாப் போறதுக்கு எது?"

ரொட்டி வேனை ஓட்டிப் போனவன் அவருடைய மைத்துனன். அவன் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி டாட்டா காட்டியதை மாஸ்டர் பார்த்துக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். நாளெல்லாம் அடுத்தவர்கள் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து பிரேக்கில் கால் வைத்திருப்பது மாஸ்டரின் தொழில். தானே ஓட்டுவதற்கென்று அவரிடம் இருந்தது இந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றுதான். அதைத் துடைப்பதற்கு வைத்திருந்த துணி, அவர் முகம் துடைக்கும் துணியைவிட மெத்தென்றிருக்கும்.

மனைவி தீர்ப்புச் சொல்லிவிட்டார். "நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு ரெண்டு சீட்டுக் காரா? மீதி ரெண்டு பேர் பின்னாலயே ஓடி வரதா? வித்துத் தொலைங்க."

"நானே எடுத்துக்கறேன் அக்கா," என்று மைத்துனன் குறுக்கே விழுந்தான். "என் ரொட்டி வேனையே முந்த முடியாத வண்டி. அத்தான்கிட்ட இருந்து என்ன பிரயோஜனம்?"

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. ஞாயிற்றுக்கிழமை மேட்டு ரோட்டில் தண்ணீர்த் தொட்டிவரை பந்தயம் என்று ஆயிற்று. தோற்றால் சாவி மைத்துனனுக்கு. ஜெயித்தால் காரைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது. நடுவர், மாமியார். ஒருவன் மகன், இன்னொருவர் மருமகன். அவரைவிட நடுநிலையான ஆள் ஊரில் கிடையாது.

ஊரில் மாஸ்டருக்கு 'செகண்ட் கியர்' என்று பெயர். அவரிடம் படித்தவர்களுக்கு மூன்றாம் கியர் என்பது ஒரு வதந்தி. 'ஆக்சிலேட்டருக்கு அடியில் முட்டை இருக்கிறது, அது உடையக் கூடாது' என்பது அவருடைய முதல் பாடம். கடைசிப் பாடமும் அதுதான். தொழில் பழக்கத்தில் ஸ்போர்ட்ஸ் காரிலும் பக்கத்துச் சீட்டுக்காரருக்கு இரண்டாவது செட்டாகப் பிரேக்கும் ஆக்சிலேட்டரும் போட்டிருந்தார். கேட்டால், "அடுத்தவங்க தப்பு பண்ணா நான் பிடிப்பேன். நான் பண்ணா யார் பிடிக்கிறது?" என்பார்.

ஆகவே மெக்கானிக் ஸ்பானரிடம் போனார். ஸ்பானர் சீட்டுக்குப் பின்னால் ஒரு நீல பாட்டிலைப் பொருத்திவிட்டு விளக்கினான்.

"சின்ன செட்டுதான் மாஸ்டர். உள்ள இருக்கறது நைட்ரஸ் கேஸ். எஞ்சினுக்குள்ள போனா அதுக்கு மூச்சு பெருசாகும், கூடவே பெட்ரோலும் கொஞ்சம் சேர்ந்து போகும், வண்டி பிச்சுக்கும். ஆனா பொத்தானை மட்டும் அழுத்தினா வராது. ஆக்சிலேட்டர் தரையைத் தொட்டாத்தான் வால்வு திறக்கும். பாதுகாப்புக்கு."

'பாதுகாப்பு' என்ற சொல் காதில் விழுந்ததும் மாஸ்டருக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. மற்றதை அவர் கேட்கவில்லை.

அதன் பலன்தான் ஆரம்பத்தில் நான் சொன்ன பெருமூச்சு.

பட்டறைக்குத் திரும்பியதும் ஸ்பானர் பாட்டிலைக் கழற்றிப் பக்கத்துப் பழைய பேப்பர் கடைத் தராசில் வைத்தான். கேஸ் எவ்வளவு செலவாயிற்று என்று எடை போட்டால்தான் தெரியும். பாட்டில் துளிகூட இளைக்கவில்லை.

ஸ்பானர் தானே காரை எடுத்துக்கொண்டு போனான். போன சுவடு தெரியாமல் திரும்பி வந்தான். தலைமுடி நெட்டுக்குத்தாக நின்றது. மறுபடி எடை போட்டார்கள். பாட்டில் இளைத்திருந்தது.

"எனக்கு வருது, உங்களுக்கு வரலை," என்று தலையைச் சொறிந்தான் ஸ்பானர். "கேஸ் உங்களைப் பார்த்தா வெட்கப்படுது மாஸ்டர்."

"புதுசு இல்லையா, பழகணும்," என்றார் மாஸ்டர்.

பேப்பர் கடைக்காரர் மட்டும் முகத்தைச் சுளித்தார். "இது பேப்பர் நிறுக்கிற தராசுப்பா. உங்க குழந்தைக்கு எடை பாக்கிற இடம் இல்லை."

ஸ்பானர் கேஸ் வரும் ஓட்டையைப் பெரிதாக்கினான். ஒன்றும் வரவில்லை. கேஸ் போனால் எஞ்சின் சூடாகும் என்று சூடு தாங்குகிற பிளக்குகளை மாட்டினான். கேஸ் போகாததால் சூடு வரவில்லை. சூடு வராததால் பிளக்கில் கரி படிந்து, கார் இரும ஆரம்பித்தது. அன்று மாஸ்டரிடம் படிக்கும் பெண் ஒருத்தி, அண்ணனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவரைத் தாண்டிப் போனாள்.

"வணக்கம் மாஸ்டர்!" என்று கத்தினாள். மூன்றாம் கியரில்.

"அப்ப டைமிங்தான்," என்று ஸ்பானர் எஞ்சினில் பொறி விழும் நேரத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தான். காரின் பலம் பாதியாயிற்று. "அப்ப பெட்ரோல் பத்தலை," என்று அதைக் கூட்டினான். பின்னால் கரும்புகை கிளம்பியது. குழந்தை வண்டி தள்ளிக்கொண்டு போன ஒரு பெண்மணி, புகை தாங்காமல் வேகமாக நடந்து காரைத் தாண்டிப் போனார்.

"அந்தக் குழந்தையும் டாட்டா காட்டுது மாப்பிள்ளை," என்றார் மாமியார்.

"எனக்கு ஒண்ணுமே புரியலை அத்தை."

"எனக்குப் புரியுது. குழந்தைக்கு வலது கைப் பழக்கம்."

ஸ்பானர் சனிக்கிழமை புதுக் காரணம் கண்டுபிடித்தான். பாட்டில் குளிர்ந்து கிடக்கிறது. குளிர்ந்தால் உள்ளே அழுத்தம் குறையும். இளஞ்சூட்டில் வைக்க வேண்டும்.

அன்று மாலை மாஸ்டரின் மனைவி வீடெல்லாம் தேடினார்.

"என்னங்க, என் இடுப்புக்கு ஒத்தடம் குடுக்கிற வெந்நீர்ப் பை எங்க?"

"பாட்டிலுக்கு வச்சிருக்கேன். அதுக்குக் குளிருது."

"என் கம்பளி?"

"அதுக்கு மேல போர்த்தியிருக்கேன்."

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல எனக்குக் குளிருதான்னு ஒரு தடவை கேட்டிருப்பீங்களா? நாளைக்கு நீங்க தோக்கணும். நான் கண்ணாரப் பாக்கணும்."

ஸ்பானரும் கையை விரித்துவிட்டான். பிளக், டைமிங், பெட்ரோல் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிக் காரைக் கொண்டுவந்து விட்டான். "இனிமே ஆண்டவன் விட்ட வழி மாஸ்டர். நான் கொடியை எடுத்துக்கிட்டுத் தொட்டிகிட்ட நிக்கறேன். கிளம்பறதுக்கு முன்னால மட்டும் மறக்காம எடை போட்டுடுங்க. கேஸ் போச்சா இல்லையான்னு கடைசியா ஒரு தடவை பாத்துடலாம்."

ஞாயிற்றுக்கிழமை காலை மாஸ்டர் சீட்டுக்குப் பின்னால் கம்பளிக்குள் வெந்நீர்ப் பையை மறுபடி நிரப்பி வைத்துவிட்டு, பல்கூடத் துலக்காமல் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு பேப்பர் கடைக்கு ஓடினார். கடைக்காரர் முனகிக்கொண்டே மூக்குக் கண்ணாடியைத் தேடினார். அவர் கண்ணாடியை மாட்டி முள்ளைப் பார்ப்பதற்குள், தெருமுனையில் ரொட்டி வேனின் ஹாரன் அலறியது. மைத்துனன் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து நின்றான்.

"என்ன அத்தான், பயந்து ஒளிஞ்சுக்கிட்டீங்களா?"

மாஸ்டர் விழுந்தடித்து ஓடி வந்தார். மாமியாரை ஏற்றி பெல்ட் போட்டார். சீட்டுக்குப் பின்னால் கையை விட்டுக் கம்பளி மூட்டையைத் தட்டிப் பார்த்தார். கதகதவென்று இருந்தது. திருப்தியோடு சாவியைத் திருப்பினார்.

மேட்டு ரோட்டின் பாதியிலேயே வேன் முன்னால் போய்விட்டது. மாஸ்டர் பொத்தானை அழுத்தினார். ஒன்றுமில்லை. மறுபடி அழுத்தினார். கட்டை விரல் வெளுக்கிற அளவுக்கு அழுத்தினார். கால் மட்டும் முட்டை உடையாமல் மிதித்துக்கொண்டிருந்தது. தண்ணீர்த் தொட்டி கண்ணில் பட்டது. கூடவே, கொடியோடு ஸ்பானரும், கண்ணாரப் பார்க்க வந்திருந்த மனைவியும்.

"போச்சு அத்தை," என்றார். "சாவியைக் குடுக்கறதுக்கு முன்னால ஒரு தடவை துடைச்சுக்கறேன்னு அவன்கிட்ட சொல்லுங்க."

அந்த நேரம் பார்த்து ரோட்டோரப் புதரிலிருந்து நாய் ஒன்று குறுக்கே பாய்ந்தது.

மாமியார் அலறினார். பிரேக்கைத்தான் மிதிக்க நினைத்தார். பயந்தவர்கள் கால் எங்கே போகும் என்பது டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற எல்லாருக்கும் தெரியும். தன் பக்கத்து ஆக்சிலேட்டரை இரண்டு காலையும் சேர்த்துத் தரையோடு தரையாக மிதித்துவிட்டார்.

நாய் பிழைத்துக்கொண்டது. சிவப்புக் கார் பிளிறிக்கொண்டு கிளம்பியது. இரண்டு பேர் முதுகும் சீட்டில் ஒட்டிக்கொண்டது. வேன் பக்கத்தில் வந்தது, பின்னால் போனது, கண்ணாடியில் ஒரு பொட்டானது. கொடியை ஆட்ட வேண்டிய ஸ்பானர் அதைப் போட்டுவிட்டுக் குதித்தான். மாஸ்டர் பிரேக் போட்டு நிறுத்தியபோது தொட்டியையும் தாண்டி வெகுதூரம் போயிருந்தார்கள்.

"கேஸ் வந்துடுச்சு!" மாஸ்டர் குழந்தைபோல் அழுதார். "ஸ்பானர், வந்துடுச்சுடா!"

மாமியார் நடந்ததைச் சொன்னதும் ஸ்பானர் நெற்றியில் அறைந்துகொண்டான். "ஆக்சிலேட்டர் தரையைத் தொட்டாத்தான் கேஸ் வரும்னு மொத நாளே சொன்னேனே! நீங்க ஒரு நாளும் தொட்டதில்லை. இன்னைக்குத்தான் தொட்டுச்சு, வந்துச்சு. இந்த கேஸுக்கு இருக்கிற சக்தியை இப்பவாவது நம்புங்க!"

மூச்சிரைக்க வந்து சேர்ந்த மைத்துனன் காரைச் சுற்றிச் சுற்றி வந்தான். "அத்தான், என் வேனுக்கும் ஒரு பாட்டில் வைக்கச் சொல்லுங்க."

மனைவியும் ஒன்றும் சொல்லவில்லை. பந்தயம் பந்தயம்தான். ஊர்வலம்போல் எல்லாரும் பட்டறைத் தெருவுக்குத் திரும்பினார்கள். கேஸின் மகிமையைப் பற்றி ஸ்பானர் வழிநெடுகப் பேசிக்கொண்டு வந்தான். மாஸ்டர் கார் ஜன்னலிலிருந்து எல்லாருக்கும் கையசைத்தார்.

பேப்பர் கடை வாசலில் கடைக்காரர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"மாஸ்டர், காலைலேருந்து உங்க பாட்டில் என் தராசுலயே உக்காந்திருக்கு. எடுத்துக்கிட்டுப் போங்க, நான் வியாபாரம் பாக்க வேணாமா?"