சத்தம் தின்னும் தகடு

மௌன சாமியார் வந்திருக்கும் செய்தியை நான்கு ஒலிபெருக்கிகள் தெருவுக்கு அலறிச் சொல்லின. கல் அறுக்கும் பட்டறையின் இரைச்சலையும் மீறிக் கேட்க வேண்டுமே! மேடை பட்டறை வாசலில். செலவு பட்டறை முதலாளியுடையது. பாவம், பக்திமான்.

சாமியாரின் சரக்கு ஒரு செப்புத் தகடு. ஜன்னலை இறுகச் சாத்தி, கண்ணாடியில் ஒட்டினால் சத்தத்தைத் தின்றுவிடுமாம். புழுக்கத்துக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தியே அறியாத தெரு அது. சாத்தியதும் சத்தம் பாதியானது. ஜனம் வாயைப் பிளந்தது.

தெருவில் நர்சம்மா ஒருத்திதான் வாயைப் பிளக்கவில்லை. இரவெல்லாம் ஆஸ்பத்திரி, பகலெல்லாம் பட்டறைச் சத்தம், தூக்கமே இல்லை. நேற்று ஒரு நோயாளிக்கு மருந்தை மாற்றிப் போடப் போய், கடைசி நொடியில் சுதாரித்தாள். பட்டறையை அப்புறப்படுத்தச் சொல்லி நாளை தெருவே நகராட்சிக்குப் போவதாக இருந்தது. இப்போது ஒருவரும் வருவதாக இல்லை.

"அத்தை, நீங்களாவது வாங்க."

"எதுக்கும்மா? அதான் தகடு வந்துருச்சே!" என்றாள் மாமியார், வியர்த்து வழிந்தபடி.

ஜன்னலைத் திறக்காமலே அதிலிருந்த தகட்டைப் பிய்த்தாள் நர்சம்மா. சத்தம் துளியும் கூடவில்லை. தகட்டோடு நேரே மேடைக்குப் போனாள் நர்சம்மா.

"சாமி, இது சத்தத்தைத் தின்னும்னா, சத்தம் பொறக்குற இடத்துலயே ஒட்டிடலாமே? வீட்டுக்கு வீடு எதுக்கு?"

கூட்டம் யோசித்தது. பழக்கமில்லாத வேலை, கொஞ்சம் நேரம் பிடித்தது.

"அட, நியாயமாத்தானே கேக்குது பொண்ணு!" என்றார் தையல்காரர்.

"இரும்பு ஆகாது தாயே! தகடு கோவிச்சுக்கும்!" என்றார் சாமியார், மௌன விரதத்தை மறந்து.

யார் கேட்டது? ஜனம் பட்டறைக்குள் புகுந்து, மெஷினை நிறுத்தச் சொல்லி, மேடையிலிருந்த தகடுகளையெல்லாம் அதன்மேல் ஒட்டியது. பிறகு ஓட்டச் சொன்னது. கல் அலறியது. போதாக்குறைக்குத் தகடுகளும் கடகடவென்று தாளம் போட்டன.

சாமியார் முதலாளியின் காதில் ஏதோ சொன்னார். கேட்கவில்லை. தொண்டை கிழியக் கத்தினார். அந்த நேரம் பார்த்து யாரோ மெஷினை நிறுத்தினார்கள்.

"...நகராட்சிக்குப் போகாம தடுக்கத்தானே என்னைக் கூப்பிட்டீங்க! மெஷின்ல ஒட்டுவாங்கன்னு சொல்லலியே முதலாளி!"

அன்றுதான் அந்தத் தெரு உண்மையான மௌனத்தைக் கேட்டது. அதை முதலில் கலைத்தவள் மாமியார்.

"நாளைக்கு எத்தனை மணிக்கும்மா கெளம்பணும்?"

அன்பர்களே, சத்தம் போடுகிறவனை விட்டுவிட்டுத் தகட்டைக் கும்பிட்டால், அது தின்பது சத்தத்தை அல்ல, உங்களைத்தான்!