கத்துவதற்கு முன் கையொப்பம்

ஒரு காட்டில், ஏரிக்கரைப் புல்வெளியில், ஆள்காட்டிக் குருவி ஒன்று கத்திப் பிழைத்துவந்தது. அந்தக் குருவி நான்தான். கடைசியில் சொன்னால் பெரிய திருப்பம் என்று நினைத்துவிடுவீர்கள், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

தொழில் எளிது. புலி வந்தால் நானும் என் மச்சான் தணிகாசலமும் கத்துவோம், மான்கள் ஓடிவிடும். பதிலுக்கு, அவை மேயும்போது புல்லிலிருந்து கிளம்புகிற பூச்சிகள் எங்களுக்கு. இதில் மாதம் பதினொரு புகாராவது வரும். எருமை வந்தாலும் கத்துகிறான், நிம்மதியாக ஒரு வாய் தின்ன முடியவில்லை என்பார்கள். அதிகம் புகார் சொல்வது மரகதம் அக்கா என்ற புள்ளிமான். "ஏன்டா தம்பி, உனக்கு வேற வேலையே இல்லையா?" என்று திட்டிவிட்டு, மறுநாளும் என் பக்கத்திலேயே வந்து மேய்வாள்.

அப்போதுதான் எதிர்க்கரை மயில் தரச்சான்றிதழ் வாங்கி மரத்தில் மாட்டியது. எனக்கு வயிறு எரிந்தது. நானும் விண்ணப்பித்தேன்.

தணிக்கைக்கு ஆமை வந்தார். வந்து சேர ஒரு மாதம் ஆயிற்று.

"எப்ப கத்துவீங்க?" என்று கேட்டார்.

"பயம் வந்தா கத்துவோம் சார்."

"பயத்தை எதால அளக்குறீங்க?"

நான் இறக்கையை விரித்து, இவ்வளவு என்று காட்டினேன்.

"சரி, ஒருத்தருக்கு வந்த பயம் நிஜம்தானான்னு இன்னொருத்தர் சரிபார்க்கிறாரா?"

"அதுக்குள்ள புலி வந்துரும் சார்," என்றான் தணிகாசலம். அவன் காலை மிதித்தேன்.

கத்துவதற்கு ஆமை விதி எழுதிக்கொடுத்தார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. அதுவரை சும்மா கத்திக்கொண்டிருந்தவனுக்கு நடைமுறை என்று ஒன்று வந்துவிட்டது. புலியைப் பார்த்தால் முதலில் படிவம் நிரப்ப வேண்டும். வந்தது எது, எந்தத் திசை, எவ்வளவு தூரம். மச்சான் சரிபார்த்துக் கையொப்பம் இட வேண்டும். அதன்பிறகு கத்தலாம்.

சான்றிதழை மாட்டியதும் மான்கள் மாறிவிட்டன. முன்பெல்லாம் இரண்டு வாய்க்கு ஒருமுறை தலையைத் தூக்கிப் பார்க்கும். இப்போது மரகதம் அக்கா தலையே தூக்குவதில்லை. "அதான் நீ சர்ட்டிபிகேட் வாங்கிட்டியே," என்றாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை நாணலுக்குள் கோடுகள் அசைந்தன. கத்தல் தொண்டை வரை வந்துவிட்டது. அதை விழுங்கினேன். படிவத்தை எடுத்து, தூரம் என்ற இடத்தில் நாற்பது அடி என்று எழுதினேன். எழுதி முடிப்பதற்குள் இருபது ஆகிவிட்டது. அடித்துத் திருத்தினால் பக்கத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும், இட்டேன். கையொப்பத்துக்கு மச்சானைத் தேடினால், அவன் தர விழிப்புணர்வுப் பயிற்சிக்குப் போயிருந்தான். அக்கா எனக்கு முதுகைக் காட்டி மேய்ந்துகொண்டிருந்தாள்.

புலி அவளைக் கொண்டுபோயிற்று. கத்தியிருந்தால் ஓடியிருப்பாள். அது எனக்குத் தெரியும்.

மறுநாள் அவள் கணவர் ஏகாம்பரம் வந்தார். "புகார் எழுதணும் தம்பி," என்றார். படிவம் கொடுத்தேன். அவர் கடைசி வரியில் குளம்பை வைத்துக் காட்டினார்.

"பாதிக்கப்பட்ட வாடிக்கையாளர் கையொப்பம்னு போட்டிருக்கே."

"ஆமாண்ணே."

"அவதான் இல்லையேப்பா."

"அப்ப பதிவு பண்ண முடியாதுண்ணே," என்றேன். இதைச் சொன்னதும் இந்த வாய்தான். அவர் படிவத்தை மடித்து என் முன்னால் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த சில மாதங்களில் இன்னும் பலர் புகார் சொல்வதை நிறுத்திக்கொண்டார்கள். மேய ஆளில்லாமல் பூச்சியும் கிளம்பவில்லை. நான் பாதியாக இளைத்துப்போனேன்.

ஆண்டு முடிவில் ஆமை வந்து கோப்பைப் புரட்டினார். முகம் மலர்ந்தது. "முன்னாடி மாசம் பதினொரு புகார். இப்ப ஒண்ணுகூட இல்ல. தரச்சான்று ஒரு நிறுவனத்தை எப்படி முன்னேத்தும்னு உங்களை வச்சுத்தான் கட்டுரை எழுதப்போறேன்," என்றார். சிறந்த நிறுவனம் என்று ஒரு விருதும் கொடுத்தார். நான் சிரித்துக்கொண்டே வாங்கினேன்.

"வாடிக்கையாளர் கருத்து ஏதும் வந்திருக்கா?" என்று கேட்டார்.

ஒன்றே ஒன்று வந்திருந்தது. எங்கள் சேவையில் மிகவும் பிடித்தது எது என்ற கேள்விக்கு 'அமைதி' என்று எழுதி, கீழே பாதத்தைப் பதித்திருந்தார்கள். பெரிய பாதம்.

நீதி: குறை சொல்ல உயிர் வேண்டும். தரத்தை உயர்த்த நினைப்பவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.