அப்பாவின் கடைசி ஷிப்டுக்கு நான் அனுப்பிய சாலட்

யாருக்காவது நல்லது செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றினால், சம்பந்தப்பட்டவர் உடனே வெளியூர் போய்விடுவது உத்தமம். இதைத் தன்னடக்கத்தில் சொல்லவில்லை. பதினான்கு பேர் சாட்சி இருக்கிறார்கள். அத்தனை பேரும் நெய்வேலி சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டில் வேலை பார்த்தவர்கள். அத்தனை பேரையும் ஒரே நாளில் பட்டினி போட்டவன் நான்.

அப்பாவின் பெல்ட் செக்‌ஷனில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் ரிட்டயர் ஆகும் நாளில், அவருடைய கடைசி ஷிப்டுக்கு, மொத்த ஆட்களுக்கும் சாப்பாடு அவர் வீட்டிலிருந்து போகும். பெர்மனென்ட், கான்ட்ராக்ட் என்ற பேதமெல்லாம் அன்றைக்குக் கிடையாது. எல்லோரும் ஒரே ஷெட்டில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அப்பா முப்பத்து நான்கு வருடமாக அடுத்தவர் வீட்டுப் பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டுத் தன் முறைக்காகக் காத்திருந்தவர். ஒரு மாதத்துக்கு முன்பே திருவதிகையில் ஒரு பிரியாணி மாஸ்டரிடம் சொல்லி வைத்துவிட்டார். செக்‌ஷனில் தினமும் அதே பேச்சுதானாம்.

நான் அப்போது சென்னையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஜிம்மில் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. (ஜிம்மில் சேர்ந்தவனின் உடம்பு இளைப்பதற்கு முன்னால், கூட இருப்பவர்களின் நிம்மதி இளைத்துவிடும்.) அப்பாவின் கடைசி நாளுக்காக லீவு போட்டுக்கொண்டு நெய்வேலி குவார்ட்டர்ஸுக்கு வந்தால், பிரிட்ஜ் மேல் அவருடைய சர்க்கரை ரிப்போர்ட் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். பாசம் பொங்கிவிட்டது.

அம்மா இருந்திருந்தால் அந்தப் பொங்கலை அப்போதே அடக்கியிருப்பார். சேத்தியாத்தோப்பில் பெரியம்மா வழுக்கி விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்ததால், ஷிப்டுக்கு முதல் நாள், நான் வந்த கையோடு அங்கே கிளம்பிவிட்டார். பஸ் ஏறும்போது சொன்னது எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது.

"மாஸ்டர் காலையில அண்டாவோட வந்துடுவாரு. ஜீப்பு வந்தா ஏத்தி விட்டா போதும். நீ எதையும் தொடாத."

அன்று மாலையே மாஸ்டருக்குப் போன் போட்டு பிரியாணி வேண்டாம் என்றேன். அப்பாவைக் கேட்டீங்களா என்று அவர் இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் கேட்டாச்சு என்றேன். பொய். அப்பாவுக்கு இது இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று நினைத்தேன். சர்க்கரை நோயாளி தன் கடைசி ஷிப்டில் சாலட் சாப்பிட்டு, மகனை நினைத்துக் கண்கலங்கி, அதோடு உடம்பைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்துவிடுவார் என்று மனதுக்குள் ஒரு முழுப் படமே ஓட்டிவிட்டேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மார்க்கெட்டில் நின்றேன். சாலட் செய்யப் பார்த்த செல்போன் வீடியோவில் வந்த சுருட்டை இலை நெய்வேலியில் யாரிடமும் இல்லை. கிடைத்த பாலக்கையும் அரைக்கீரையையும் முப்பது கட்டு வாங்கினேன். இவ்வளவையும் எப்படிக் கடைவீங்க என்று கீரைக்காரம்மா கேட்டார். கடையப் போவதில்லை, பச்சையாக என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மாடு வச்சிகினு கீறீங்களா தம்பி?"

வீட்டுக்கு வந்து கீரையைக் கழுவி, நறுக்கி, அதில் கொய்யா, மாதுளை, பண்ருட்டிப் பலாச்சுளை எல்லாம் போட்டேன். முந்திரியை வறுத்துக் கொட்டினேன். எலுமிச்சம்பழம் பிழிந்து, தேன், உப்பு, மிளகுத்தூள் போட்டுப் பிசிறினேன். பார்க்க ரொம்ப அழகாக இருந்தது, அதை மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும். இரண்டு பெரிய எவர்சில்வர் தூக்குகளில் அமுக்கி மூடி, ஒன்பது மணிக்கு வந்த ஜீப்பில் ஏற்றினேன். அண்டா எங்கே என்று டிரைவர் கேட்டார். இதுதான் என்றேன். (உப்பையும் எலுமிச்சையையும் பரிமாறும்போதுதான் சேர்க்க வேண்டும் என்று அந்த வீடியோவின் கடைசி நிமிஷத்தில் சொல்கிறார்கள். கடைசி நிமிஷம் வரை பார்க்கிற பொறுமை எனக்கு எந்த விஷயத்திலும் இருந்ததில்லை.)

ஜூன் மாதக் கடைசி. வெயிலில் மூடிய பாத்திரம். பதினொரு மணிக்குத் திறந்தார்களாம்.

இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து, அப்பாவை மாலையோடு வீடு வரைக்கும் கூட்டிவந்தார்கள். நான் வாசலில் மோர் டம்ளர்களோடு நின்று, சாலட் எப்படி இருந்தது என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டேன். எல்லோரும் டம்ளரை வாங்கி மோரை ஒரே மூச்சில் குடித்தார்கள். அப்பா மட்டும், நல்லா இருந்துச்சுடா என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கம்மாபுரத்திலிருந்து வரும் கான்ட்ராக்ட் தொழிலாளி செல்வராசு அண்ணன்தான் கடைசியில் என்னை ஓரமாக அழைத்துப் போய் விஷயத்தைச் சொன்னார். திறந்தபோது கீரை துவண்டு, பச்சைத் தண்ணீரில் பலாச்சுளை மிதந்ததாம். ஷெட் முழுக்கப் புளிப்பு வாடையாம். அப்பா, என் மகன் மெட்ராஸிலிருந்து வந்து அவன் கையால் செய்தது என்று சொல்லி, முதல் ஆளாகத் தட்டில் போட்டு உட்கார்ந்திருக்கிறார். இரண்டு தட்டு.

நான் சமாளிக்கப் பார்த்தேன். எல்லோரும் அவரவர் டிபன் கொண்டுவந்திருப்பீர்கள்தானே, இது கூடுதலாகத்தானே என்றேன்.

"அன்னிக்கு யாரும் சோறு எடுத்தாற மாட்டோம் தம்பி. எடுத்தாந்தா அவரு வூட்டுச் சோத்த மதிக்காத மாதிரி ஆயிடும். நான் பிரியாணின்னு நெனச்சிகினு காலையிலகூட சாப்புடல."

அவர் இதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். ஒரு தகவலைச் சொல்வது போலச் சொன்னார். கான்டீனில் மிச்சமிருந்த பத்து வடையைப் பதினான்கு பேரும் பிய்த்துத் தின்றார்களாம்.

சமையலறைக்கு ஓடினேன். அப்பா கழுத்து மாலையை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு, அடுப்பில் பெரிய சட்டியை வைத்து வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ரவை டப்பா. பெல்ட் செக்‌ஷன் மொத்தமும் ஹாலில் தரையில் உட்கார்ந்திருந்தது. தன்னுடைய நாளில் தானே உப்புமா கிண்டிய ஒரே ஆள் அந்த செக்‌ஷனில் என் அப்பாதான்.

அடுத்த வாரம் மாஸ்டரை வரவழைத்து எல்லோருக்கும் பிரியாணி போட்டுவிடலாம்ப்பா என்றேன்.

அப்பா ரவையைக் கொட்டிக் கிளறிக்கொண்டே சொன்னார். "அடுத்த வாரம் எனக்கு ஷிப்ட் இல்லடா."

திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அந்தச் சோறு மைன்ஸ் ஷெட்டில், தூசிக்கு நடுவில், வேலை உடுப்போடு சாப்பிட வேண்டிய சோறு. அதை என்னால் வேறெங்கும் போட முடியாது.

அம்மா திரும்பி வந்து என்னிடம் எட்டு நாள் பேசவில்லை. (ஒன்பதாம் நாள் பேசியதைப் பார்த்தால், அந்த எட்டு நாளே தேவலை.) செக்‌ஷனில் இப்போதும் யாராவது ரிட்டயர் ஆனால், முதல் நாளே போன் போட்டு "சோறா, கீரையா?" என்று கேட்டுக்கொள்கிறார்களாம். சோறு என்று பதில் வந்தால்தான் டிபன் பாக்ஸை வீட்டில் வைத்துவிட்டுப் போவார்கள்.

போன வருடம் செல்வராசு அண்ணன் மகளுக்குக் கல்யாணம். கம்மாபுரத்துக்கு அப்பாவோடு போயிருந்தேன். கான்ட்ராக்ட் ஆளுக்கு ரிட்டயர்மென்ட் நாள், மாலை, வழியனுப்பு எதுவும் கிடையாது. அதனால் தன்னுடைய சாப்பாட்டை இங்கேயே போட்டுவிடுவதாகச் சொல்லி, பழைய செக்‌ஷன் ஆட்கள் அத்தனை பேரையும் ஒரே வரிசையில் உட்கார வைத்திருந்தார். அப்பாவின் இலையில் அவரே பிரியாணியை அள்ளி வைத்தார். அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. சர்க்கரையைப் பற்றி நானும் மூச்சு விடவில்லை.

அடுத்து என் இலைக்கு வந்தார். ஒரு கரண்டி கீரைக் கூட்டை வைத்துவிட்டு, வரிசைக்கே கேட்கும்படி சொன்னார்.

"பயப்படாம சாப்புடு தம்பி. வெந்ததுதான்."

வரிசை முழுக்கச் சிரித்தது. அப்பாவுக்குப் புரை ஏறும் அளவுக்குச் சிரிப்பு. நான் தலையைக் குனிந்துகொண்டு அந்தக் கீரையை முழுவதும் சாப்பிட்டு முடித்தேன்.