பறவைக்குக் கணக்கு வராது

ஹால் சுவரில் இருந்தது ஒரே ஓர் ஆணி. அதில் தொங்கப்போவது மாங்குயில் படமா, மாமனார் படமா என்று மூன்று மாதமாக வீட்டில் யுத்தம். மாமனாருக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. அடுத்த தெருவில் நன்றாகவே இருக்கிறார். நேரில் பார்ப்பது போதாதென்று சட்டம் போட்டு வேறு பார்க்க வேண்டுமா என்பது மாப்பிள்ளையான மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் கட்சி. நியாயமான கட்சிதான்.

ஊருக்கெல்லாம் பார்வை கொடுக்கும் மனிதருக்கு ஒரே ஒரு குறை. ஊரை ஒட்டிய காட்டுக்கு வருஷா வருஷம் திரும்பி வரும் மாங்குயிலை நாலு வருஷமாகப் படமெடுக்கிறார். இதுவரை அகப்பட்டது மூன்று வால், நானூறு வெறுங்கிளை.

"இந்த வருஷம் விடமாட்டேன்! என் வீடு, என் சுவர், என் ஆணி!" என்று மேஜையில் ஓங்கித் தட்டினார். கை வலித்தது. காட்டிக்கொள்ளவில்லை.

எதிரே விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த மனைவி, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தலை நிமிராமலே பேசினார்.

"சரி. ஞாயித்துக்கிழமைக்குள்ள நீங்க படம் எடுத்துட்டா ஆணி உங்களுக்கு. இல்லேன்னா எங்கப்பாவுக்கு."

"எழுதி வெச்சுக்கோ!"

யாரோ ஒரு மாணவனின் விடைத்தாள் ஓரத்திலேயே சிவப்பு மையில் எழுதிவிட்டார்.

"ஆனா நீயும் கூட வரணும்."

"நான் எதுக்கு?"

"குட்டைக்கரையில துணியால ஒரு மறைவு கட்டியிருக்கேன். நான் உள்ளே போறதை அது மரத்துலேருந்து பார்த்துடுது. அப்புறம் தண்ணி குடிக்க இறங்கவே மாட்டேங்குது. ரெண்டு பேரா உள்ளே போயி, ஒருத்தர் வெளியே வந்துடணும். ஆள் போயாச்சுன்னு நெனச்சு இறங்கிடும். பறவைக்குக் கணக்கு வராது."

"அப்போ என் எட்டாங்கிளாஸ்ல சேர்த்துக்கலாம். யார் வெளியே வரணும்?"

"யாரா இருந்தா என்ன? ஒருத்தர் வரணும், அவ்வளவுதான்."

அந்த வாயைச் சும்மா வைத்திருக்கலாம்.

ஞாயிறு காலை இருவரும் மறைவுக்குள் நுழைந்தார்கள். உள்ளே இருந்தது ஒரே முக்காலி. டீச்சர் அதில் உட்கார்ந்துகொண்டார்.

"சரி, நீ கிளம்பு."

"ஐயோ, கால் பிசகிடுச்சுங்க."

"எப்போ?"

"இப்பத்தான்."

அரை மணி போயிற்று. ஒரு மணியும் போயிற்று. மரத்து உச்சியில் மாங்குயில் சீட்டியடித்தது. இறங்கவில்லை.

"வெயில் ஏறினா அது உள்காட்டுக்குப் போயிடும். இன்னிக்குத்தான் கடைசி நாள்!" கடைக்காரருக்கு வியர்த்து ஊற்றியது.

"அப்போ நீங்க போங்க. எதை அழுத்தணும்னு மட்டும் காட்டுங்க."

அவர் யோசித்தார். கேமரா தன்னுடையது, லென்ஸ் தன்னுடையது, மூளையும் தன்னுடையது. விரல் மட்டும்தானே அவளுடையது? எல்லாவற்றையும் சரிசெய்து கொடுத்துவிட்டு, பறவை பார்க்கட்டும் என்று நெஞ்சை நிமிர்த்தி, கையை வீசி, ராஜநடை நடந்து வெளியேறினார்.

"ஊற வெச்ச துணியை அலசிடுங்க," என்று மறைவு கிசுகிசுத்தது.

நண்பகலில் டீச்சர் விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்து வந்தார். படத்தில் மாங்குயில் சிறகு விரித்திருந்தது. அலகு நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தெரிந்தது. கடைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பார்த்தியா! ஆணி என்னுது!"

டீச்சர் விடைத்தாளை நீட்டினார். "'நீங்க படம் எடுத்துட்டா'ன்னு இருக்கு. எடுத்தது யாரு?"

"எல்லாத்தையும் சரிபண்ணிக் குடுத்தது நான்!"

"பேனா குடுத்த பையனுக்கா நான் மார்க் போடுறேன்?"

சாயங்காலம் மாமனார் ஆணியில் ஏறினார். நேரிலும் வந்துவிட்டார். "லேசா கோணலா இருக்கே மாப்பிள்ளை," என்றார். மாப்பிள்ளை நாற்காலி போட்டு ஏறி நிமிர்த்தினார். மாங்குயில் குளிர்பெட்டிக் கதவுக்குப் போயிற்று.

நாற்காலி மேல் நின்றபடியே கடைக்காரர் முழங்கினார். "அடுத்த வருஷம் நான் தனியாத்தான் போவேன்! யார் தயவும் வேண்டாம்!"

"தாராளமா போங்க. வெளியே வர்றது யாரு?" என்றார் டீச்சர்.

"அதுக்கென்ன மாப்பிள்ளை, நான் கூட வர்றேன்," என்றார் மாமனார். "என்ன, எனக்கும் கொஞ்சம் கால் வலி உண்டு."