சக்கரம் வைத்த சுவர்கள்

மேனேஜர் அறையின் சுவர் மறுபடியும் தானாக நகர்ந்து போய்க்கொண்டிருந்தது. அன்னத்தாய் ஓடிப்போய் அதைக் கட்டிப்பிடித்தாள்.

தேனி கடைத்தெருவில் பொன்னுராஜ் கட்டிய புதுக் கட்டடத்தின் மாடி அது; அதை வாடகைக்குத் தயார் செய்யும் பொறுப்பு அவளுடையது. வாடகைக்கு வருகிறவர் என்ன தொழில் செய்தாலும் அன்றைக்கே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். பிளைவுட் தடுப்புகளுக்கு அடியில் சக்கரம் வைக்கச் சொன்னது அவள்தான். தள்ளினால் அறை பெருகும், இழுத்தால் சுருங்கும். மேற்கு மலையிலிருந்து இறங்கும் ஆடிக் காற்றை மட்டும் மறந்துவிட்டாள்.

"மாடிக்கு ஆள் வந்தா ஒனக்கு இங்கன வேலை. இல்லையின்னா ஆவணியில கல்யாணம்" என்று அப்பா மலைச்சாமி கெடு வைத்திருந்தார்.

"அடுப்பு ஊதத்தான் பி.ஏ. படிச்சேனா?" என்று அவள் கத்தியது சொந்த ஊர் காமயகவுண்டன்பட்டி முழுக்கக் கேட்டது.

போடி ஏலக்காய் வியாபாரி சங்கரலிங்கம் மனைவியோடு படியேறி வந்தார்.

"ஆபீசு பாக்கணும்."

அன்னத்தாய் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். இன்றைக்கு யாரையும் எதிர்த்துப் பேசுவதாக இல்லை.

"மொதலாளி ரூம்பு கன்னிமூலையில இல்ல இருக்கணும்?"

"இந்தா, மாத்திட்டேன்யா."

தள்ளினாள். மேற்குப் பார்த்த கன்னிமூலைச் சன்னல் காற்றில் படாரென்று திறந்துகொண்டது. சுவர்கள் ஒவ்வொன்றாக மிதக்கத் தொடங்கின, மேகம் கலைவதுபோல, ஓசையே இல்லாமல். சன்னலுக்கு வெளியே மலை மட்டும் நின்ற இடத்தில் நின்றது.

ஒரு சக்கரத்துக்குச் செங்கல் முட்டுக்கொடுத்தாள். அந்தச் சுவர் நின்றது. மற்றவை அதைச் சுற்றிவந்து கூடி நின்றன. நடுவில், நாற்காலியில் சங்கரலிங்கம். கதவில்லாத அறை.

"ஐயா! ஐயா!"

 சுவரில் காதை வைத்தாள். குறட்டை.

போச்சு, வேலை போச்சு என்று அவள் சுவரை இழுத்தாள். அது இன்னும் இறுகியது.

"விடு ஆத்தா, தூங்கட்டும்" என்றார் அந்த அம்மாள். "வீட்டுல அவுக இப்பிடிக் கண்ணசந்து வருசமாச்சு. எல்லாம் நீயாவா செஞ்ச?"

"ஆமாம்மா. பிளைவுட்டு வாங்குனதுகூட நாந்தான்."

"கோவமே வராதோ ஒனக்கு?"

"சேச்சே!"

காற்று தணிந்து சுவர்கள் தாமாக விலகின. சங்கரலிங்கம் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார்.

"எங்களுக்கு மனசுக்குப் பிடிச்சுப்போச்சும்மா. ஆடி போகட்டும். ஆவணி பொறந்ததும் வந்து முடிச்சிருவோம். ஒனக்குச் சம்மதந்தான?"

"பரம சம்மதம்யா!"

அந்த அம்மாள் அவள் கன்னத்தை வழித்துவிட்டு இறங்கிப் போனார். எந்த வாடகைக்காரரும் இத்தனை அன்பாக இருந்து அவள் பார்த்ததில்லை. சுவரைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, சக்கரம் போன போக்கில் மாடி முழுக்கச் சுற்றினாள். என் ஆபீஸ். என் மேசை. என் சம்பளம்.

கூட்டிப் பெருக்கும் மொக்கம்மாள் டீ கிளாசோடு வந்து வாயைப் பிளந்தாள்.

"கீழ ஒங்கப்பாரு எல்லாத்துக்கும் டீ வாங்கித் தாராக. சம்மதம்னு நீயே சொல்லிட்டியாமுல்ல!"

"பின்ன? ஆபீசு பிடிச்சிருக்குன்னாக!"

"அட கூறுகெட்டவளே, ஆடி மாசம் மவனுக்குப் பொண்ணு பாக்கக் கூடாதுன்னுதான அவுக ஆபீசு பாக்க வந்தாக!"